போர்ட் மோர்ஸ்பியில் 44 நாட்கள்: விமானி ஜான் ஜாக்சனும் அவரது ஸ்குவாட்ரனும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போரில் ஆஸ்திரேலியச் சண்டை விமானிகள் ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, பசிபிக் என்று பல முனைகளில் பறந்தார்கள். அவர்கள் எல்லோரையும் பற்றி எழுத ஒரு பக்கம் போதாது. அதனால் ஒரே ஒருவரை நடுவில் வைத்து எழுதியிருக்கிறேன்: ஸ்குவாட்ரன் லீடர் ஜான் பிரான்சிஸ் ஜாக்சன். 1942-இல் நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பியில் 75-ஆம் ஸ்குவாட்ரன் என்ற ஆஸ்திரேலியச் சண்டை விமானப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். அந்தப் பிரிவு அங்கே போரிட்ட மார்ச் 21 முதல் மே 3 வரையான நாட்கள்தான் தலைப்பில் உள்ள 44 நாட்கள். அவரைத் தெரிந்துகொண்டால் மற்றவர்களின் வாழ்க்கையும் பாதி விளங்கிவிடும்.

ஜான் ஜாக்சன் யார்? போருக்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

1908 பிப்ரவரி 23 அன்று பிரிஸ்பேனில் பிறந்தார். குவீன்ஸ்லாந்தின் உள்நாட்டில் செயின்ட் ஜார்ஜ் என்ற ஊர்ப்பக்கம் மேய்ச்சல் நிலம் வைத்துப் பண்ணை நடத்தினார். அந்தப் பக்கத்தில் ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே எத்தனையோ மைல் வெறும் புல்வெளிதான். விமானத்தின் அருமை தெரியும் இடம். ஜாக்சன் சொந்தமாகவே ஒரு சிறு விமானம் வாங்கி ஓட்டினார். 1936-இல் பிரிஸ்பேனிலிருந்து அடிலெய்டு வரை நடந்த விமானப் போட்டியில் கலந்துகொண்டார். அதே ஆண்டில் விமானப்படையின் பகுதிநேரப் பிரிவிலும் சேர்ந்தார். போர் தொடங்கியதும் 1939-இல் முழுநேரப் பணிக்கு அழைப்பு வந்துவிட்டது.

அப்போது அவர் திருமணமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பின்னர் இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். இருபது வயதுப் பையன்கள் நிறைந்த படையில் முப்பதைக் கடந்த மனிதர் இவர். தலைமுடியும் கொட்டத் தொடங்கியிருந்தது. விமானிகள் இவரை 'ஓல்ட் ஜான்' என்று கூப்பிட்டார்கள். மோர்ஸ்பிக்குப் போனபோது இவருக்கு வயது 34.

இவருக்கு முன்பே போர் அனுபவம் இருந்ததா?

இருந்தது. அதனால்தான் தலைமைப் பொறுப்பே வந்தது. 1940 நவம்பரில் மத்தியக் கிழக்குக்குப் போய் ஆஸ்திரேலியாவின் 3-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். முதலில் கிளாடியேட்டர் என்ற இரட்டை இறக்கை விமானம், அப்புறம் ஹரிக்கேன், பிறகு டோமஹாக். 1941 பிப்ரவரியில் ஒரே பறப்பில் மூன்று ஜெர்மன் டைவ் பாம்பர்களை (செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் விமானங்களை) வீழ்த்தியதாகக் கணக்கு. சிரியாவில், ஜெர்மனிக்கு இணங்கிப்போன விஷி பிரெஞ்சு அரசின் படைகளோடும் மோதினார். சிறப்புப் பறப்புச் சிலுவை என்னும் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. போர் முழுவதிலுமாக அவர் பெயரில் எட்டு விமானங்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

போர்ட் மோர்ஸ்பி ஏன் அவ்வளவு முக்கியம்?

1942-இன் முதல் மூன்று மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஜனவரி 23-இல் நியூ கினிக்குப் பக்கத்துத் தீவிலுள்ள ரபவுல் துறைமுகம் ஜப்பானியரிடம் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் போனது. பிப்ரவரி 19-இல் ஆஸ்திரேலிய மண்ணிலேயே, டார்வினில், குண்டு விழுந்தது. மார்ச் 8-இல் ஜப்பானியர் நியூ கினியின் வடகரையில் லே, சலமாவா இரண்டையும் பிடித்தார்கள். லேயிலிருந்து மோர்ஸ்பி கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். நடுவில் ஓவன் ஸ்டான்லி மலைத்தொடர். அதன் உச்சி 4,000 மீட்டரைத் தாண்டும். மோர்ஸ்பியும் போயிருந்தால் வட ஆஸ்திரேலியா முழுவதும் ஜப்பானிய விமானங்களின் எட்டும் தூரத்துக்குள் வந்துவிடும்.

நம் பக்கத்திலும் அது அமைதியான காலமில்லை. அதே ஏப்ரலில்தான் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. சென்னையிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சோடு ஊர்ப்பக்கம் கிளம்பியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மோர்ஸ்பிக்காரர்களின் பயம் அதைவிடப் பக்கத்தில் இருந்தது. பிப்ரவரி தொடக்கத்திலிருந்தே தலைக்கு மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. எதிர்த்துப் பறக்கச் சண்டை விமானம் ஒன்றுகூட இல்லை.

75-ஆம் ஸ்குவாட்ரன் எப்படி அமைந்தது?

அவசரத்தில் அமைந்தது. 1942 மார்ச் 4 அன்று குவீன்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில்லில் தொடங்கினார்கள். அமெரிக்கத் தயாரிப்பான கிட்டிஹாக் சண்டை விமானங்கள் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டப்பட்டு வந்தன. மூன்று வாரத்துக்குள் அந்த ஸ்குவாட்ரன் போரில் இருந்தது! ஜாக்சன், பீட்டர் டர்ன்புல் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோர் எதிரி விமானத்தைப் பார்த்ததே இல்லை. இந்த விமான வகையில் கை பழகுவதற்குக்கூட அவர்களுக்கு நேரம் தரப்படவில்லை. அவர்கள் மனநிலையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தேதிகள்தான் முதலில் நினைவுக்கு வரும்: மார்ச் 4, மார்ச் 21. நடுவில் பதினேழு நாள்.

மோர்ஸ்பியில் இருந்த சிப்பாய்களுக்கோ பொறுமை போய்விட்டிருந்தது. கிட்டிஹாக் வருகிறது, வருகிறது என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்ததால் அவற்றுக்கு 'டுமாரோஹாக்', 'நெவர்ஹாக்' என்றெல்லாம் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

வந்து இறங்கிய நாளில் சொந்தப் படையே சுட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மார்ச் 21 அன்று முதல் நான்கு கிட்டிஹாக்குகள் செவன் மைல் என்ற ஓடுதளத்தை நெருங்கின. அதுவரை அந்த வானத்தில் வந்த சண்டை விமானம் எல்லாமே எதிரியுடையது. தரையில் துப்பாக்கியோடு இருந்தவர்கள் யோசிக்காமல் சுட்டார்கள். விமானங்கள் சேதப்பட்டன, உயிர் போகவில்லை.

சுட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு நாள் அடி வாங்கியவர்கள். அன்றைக்கே சில மணி நேரத்தில் அவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள். வழக்கம்போல் வேவு பார்க்க வந்த ஜப்பானிய பாம்பர் ஒன்றை இரண்டு கிட்டிஹாக்குகள் விரட்டிப் பிடித்து, எல்லோர் கண் முன்னாலும் வீழ்த்தின. ஊரே ஆரவாரம் செய்தது.

மறுநாள் காலை ஜாக்சன் காத்திருக்கவில்லை. ஒன்பது விமானங்களோடு மலையைத் தாண்டிப்போய் லே ஓடுதளத்தைத் தாக்கினார். ஜப்பானியர் எதிர்பார்க்கவே இல்லை. வரிசையாக நின்ற விமானங்கள் எரிந்தன. ஆனால் அந்தத் தாக்குதலில் ஒரு விமானி இறந்தார். வில்பர் வாக்கெட் என்ற இன்னொருவர் கடலில் விழுந்து, கரைக்கு நீந்தி, காட்டு வழியே நடந்து பல வாரங்கள் கழித்துப் படைக்குத் திரும்பினார்.

கிட்டிஹாக் நல்ல விமானமா? ஜீரோவோடு மோத முடிந்ததா?

இந்தக் கேள்விதான் அந்த 44 நாட்களின் உயிர்நாடி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜீரோ ஜப்பானியரின் சண்டை விமானம், எடை குறைந்தது. சட்டென்று திரும்பும், விறுவிறுவென்று மேலேறும், நெடுந்தூரம் போகும். அந்த லாகவத்துக்காக விட்டுக்கொடுத்தது பாதுகாப்பை: விமானிக்குக் கவசத் தகடு இல்லை, குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டி இல்லை. சில குண்டுகள் சரியான இடத்தில் பட்டால் பற்றிக்கொள்ளும்.

கிட்டிஹாக் நேர் எதிர். கனமான உடம்பு. இறக்கைகளில் ஆறு கனரக இயந்திரத் துப்பாக்கிகள். விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசம். அடி வாங்கினாலும் வீடு வந்து சேரும். மூக்கைக் கீழே சாய்த்துப் பாய்ந்தால் ஜீரோவால் பிடிக்க முடியாது. ஆனால் மேலேறுவதில் மந்தம். ஜீரோவோடு சுற்றிச் சுற்றித் திரும்பிச் சண்டை போட்டால், சில வட்டங்களிலேயே ஜீரோ பின்னால் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் பிழைப்பது அரிது.

ஆகவே கிட்டிஹாக் விமானிக்குப் பிழைக்க ஒரே வழிதான் இருந்தது. முதலில் உயரத்தைப் பிடி. மேலிருந்து பாய்ந்து ஒரு முறை சுடு. நிற்காமல் கீழே போய்விடு. திரும்பாதே. சொல்வதற்குச் சுலபம், உயரத்தைப் பிடிக்க நேரம் வேண்டுமே! மலைகளில் ஒளிந்திருந்த கண்காணிப்பாளர்கள் ரேடியோவில் எச்சரிக்கை சொன்ன நாட்களில் ஏறி நிற்க முடிந்தது. எச்சரிக்கை தாமதமான நாட்களில், பாம்பர்களும் அவற்றுக்குக் காவலாக வந்த ஜீரோக்களும் ஏற்கெனவே மேலே இருக்க, இவர்கள் கீழிருந்து தவித்து ஏற வேண்டியதாயிற்று. எதிரே இருந்தவர்களும் சாதாரணமானவர்கள் அல்ல. லேயில் தைனான் விமானப் பிரிவு இருந்தது. ஜப்பானின் மிகத் தேர்ந்த விமானிகள் சிலர் அதில்தான் பறந்தார்கள்.

ஒரு நாள் வாழ்க்கை எப்படி இருந்தது?

சண்டை சில நிமிடம். மற்றதெல்லாம் காத்திருப்பு, வெயில், புழுதி, கொசு. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் ஆட்களைப் படுக்கவைத்தன. சாப்பாடு பெரும்பாலும் டின் மாட்டிறைச்சியும் பிஸ்கட்டும். வயிறு சரியில்லாதவன், காய்ச்சல் விட்டும் விடாமலும் இருப்பவன், முகமூடி வழியே ஆக்ஸிஜன் இழுத்துக்கொண்டு இருபதாயிரம் அடிக்கு ஏறுவதைக் கற்பனை செய்து பாருங்கள். தரையில் சட்டை நனையும் வியர்வை, மேலே போனதும் அதே ஈரச் சட்டையோடு குளிர்.

மாலையில் சாப்பிட உட்காரும்போது காலையில் இருந்த முகம் ஒன்று குறையும். போய்விட்டவரின் பொருட்களை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பெற்றோருக்கோ மனைவிக்கோ கடிதம் எழுதுவது கமாண்டரின் வேலை. வாழ்நாளெல்லாம் பண்ணை நடத்திய மனிதருக்கு அதைவிடக் கடினமான வேலை வேறு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

தரைப் பணியாளர்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். ஃபிட்டர், மெக்கானிக், துப்பாக்கி பழுது பார்ப்பவர் என்று இவர்கள் இல்லாவிட்டால் இரண்டாம் நாளே கதை முடிந்திருக்கும். உதிரிப்பாகம் வரவில்லை. நொறுங்கிய விமானத்திலிருந்து நல்ல பாகத்தைக் கழற்றி ஓடக்கூடிய விமானத்தில் பூட்டினார்கள். பகலில் குண்டு விழும்போது பள்ளத்தில் படுத்து, இரவில் எழுந்து வேலை செய்தார்கள். விமானியின் பெயர் பத்திரிகையில் வந்தது. இவர்கள் பெயர் வரவில்லை. மறுநாள் காலை எத்தனை கிட்டிஹாக் பறக்கும் என்பதை முடிவு செய்தது இவர்கள் கைகள்தான்.

ஜாக்சன் காட்டில் தொலைந்துபோன கதை என்ன?

ஏப்ரல் 10 அன்று தனியாக லே பக்கம் வேவு பார்க்கப் போனார். மூன்று ஜீரோக்கள் சூழ்ந்துகொண்டன. அடிபட்ட விமானத்தைக் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் இறக்கினார். மேலே ஜீரோக்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. செத்தவர்போல் அசையாமல் கிடந்தார். அவை போன பிறகு நீந்திக் கரை சேர்ந்தார்.

சேர்ந்த கரை எதிரியின் கரை. சுற்றிலும் காடு, பின்னால் மலை. தனியாக இருந்திருந்தால் அவர் திரும்பியிருக்க முடியாது. எட்மண்ட், ஆர்தர் என்ற இரண்டு நியூ கினிக்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒரு வாரத்துக்கும் மேல் நடை. ஆறு, சதுப்பு, வழுக்குப் பாறை. ஜப்பானியரிடம் சிக்கினால் அந்த இருவருக்கும் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஜாக்சனின் பெயர் இன்று வரைபடத்தில் இருக்கிறது. இந்த இருவரின் முழுப் பெயரைக்கூடப் பெரும்பாலான புத்தகங்கள் சொல்வதில்லை. விமானியின் வீரத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் இவர்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாவ் என்ற மலையூரிலிருந்து ஓர் அமெரிக்க விமானம் அவரை ஏப்ரல் 23 அன்று மோர்ஸ்பிக்குக் கொண்டுவந்தது. இறங்கும் நேரத்தில் அங்கே விமானத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஜீரோவின் குண்டு அவரது வலது ஆள்காட்டி விரலின் நுனியைப் பறித்துக்கொண்டு போனது. அவ்வளவு தூரம் நடந்து பிழைத்து வந்தவருக்கு வீட்டு வாசலில் கிடைத்த வரவேற்பு அது. அவர் ஓய்வு கேட்கவில்லை. சில நாட்களிலேயே மீண்டும் பறந்தார்.

அவர் எப்படி இறந்தார்? சாவைத் தானே தேடிப்போனார் என்று சொல்வது சரியா?

நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் 27 அன்று மூத்த விமானப்படை அதிகாரிகள் அவரோடு பேசினார்கள். ஏன் உங்கள் ஆட்கள் ஜீரோவோடு நின்று சுற்றிச் சண்டை போடுவதில்லை என்ற கேள்வி எழுந்தது. மேலிருந்து பாய்ந்து ஓடிவிடுவது கோழைத்தனம் என்ற தொனி அதில் இருந்ததாக விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். அன்றிரவு ஜாக்சன் தன் ஆட்களைப் பார்த்து, நாளைக்கு எப்படி என்று நான் காட்டுகிறேன் என்றார்.

மறுநாள், ஏப்ரல் 28. பறக்கும் நிலையில் இருந்தவை ஐந்தே கிட்டிஹாக்குகள். ஜீரோக்களின் காவலோடு பாம்பர்கள் வந்தன. ஐந்தையும் கூட்டிக்கொண்டு அவர் மேலே போனார். ஜீரோக்களோடு மோதி வீழ்ந்தார். அவரோடு பாரி காக்ஸ் என்ற இளம் விமானியும் இறந்தார்.  ஐந்து வாரத்துக்கு முன், மார்ச் 21-இல், ஜப்பானிய பாம்பரை எல்லோர் கண் முன்னாலும் வீழ்த்தியவர்கள் இருவர். அந்த இருவரில் ஒருவர்தான் இந்த காக்ஸ்.

சாவைத் தேடிப்போனார் என்று நான் சொல்ல மாட்டேன். தன் ஆட்கள் மேல் விழுந்த பழியைத் தன் உடம்பால் துடைக்கப் போனார். அவருடைய தந்திரம் சரியானது. அந்த விமானத்துக்கு ஏற்ற தந்திரம் அதுதான் என்பதைப் பின்னால் பசிபிக் முழுவதும் அமெரிக்க விமானிகளும் நிரூபித்தார்கள். தவறு, தரையில் நின்று கேள்வி கேட்டவர்களுடையது. அனுபவமுள்ள ஒரு தலைவர் தனக்குத் தெரிந்த சரியான வழியை ஒரு சொல்லுக்காக விட்டுவிட்டதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம்.

கடைசியில் அந்த 44 நாட்களில் என்ன சாதித்தார்கள்?

ஜாக்சனின் தம்பி லெஸ் ஜாக்சன் தலைமையை எடுத்துக்கொண்டார். ஏப்ரல் 30-இல் அமெரிக்க ஐராகோப்ரா சண்டை விமானங்கள் வந்து தோள் கொடுத்தன. மே 3 அன்று 75-ஆம் ஸ்குவாட்ரனிடம் பறக்கும் நிலையில் மிஞ்சியது ஒரே ஒரு கிட்டிஹாக்.

அவர்கள் இழந்தது 21 விமானங்கள், 12 விமானிகள். எதிரி விமானங்களில் 35-ஐ அழித்ததாகவும் இன்னும் பலவற்றைச் சேதப்படுத்தியதாகவும் கணக்குக் கொடுத்தார்கள். விமானச் சண்டைக் கணக்குகள் எல்லாப் படைகளிலும் கொஞ்சம் கூடித்தான் வரும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டியதில்லை. மோர்ஸ்பியின் வானத்தை ஜப்பானியர் சும்மா எடுத்துக்கொள்ள முடியாமல் அந்த 44 நாளும் தடுத்தார்கள். மே முதல் வாரத்தில் பவளக் கடல் சண்டை நடந்து, கடல் வழியாக மோர்ஸ்பியைப் பிடிக்க வந்த படை திரும்பிப்போயிற்று. அதுவரை ஊர் கைவிடப்படாமல் இருந்தது என்றால் இவர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அதன் பிறகு இந்த ஸ்குவாட்ரன் என்ன ஆனது?

ஆஸ்திரேலியா திரும்பி ஆள் சேர்த்து, ஜூலையில் நியூ கினியின் கிழக்கு முனையிலுள்ள மில்ன் பே போனார்கள். மழையும் சேறும் நிறைந்த இடம். ஓடுதளமே சேற்றின் மேல் விரித்த இரும்புப் பலகைகள்தான். ஆகஸ்ட் கடைசியில் ஜப்பானியர் அங்கே தரையிறங்கியபோது 75, 76 இரண்டு ஸ்குவாட்ரன்களும் தென்னை மரத்தை ஒட்டிப் பறந்து படகுகளையும் படையையும் சுட்டன. 76-இன் தலைவர் பீட்டர் டர்ன்புல் அங்கேதான் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் மெல்போர்னின் புகழ்பெற்ற கால்பந்தாட்டக்காரர் கீத் டிரஸ்காட். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒரு பயிற்சிப் பறப்பில் கடலில் மோதி அவரும் போய்விட்டார்.

பூர்வகுடி ஆஸ்திரேலியர்கள் சண்டை விமானிகளாக இருந்தார்களா?

லென் வாட்டர்ஸ் இருந்தார். கமிலராய் மக்களைச் சேர்ந்தவர்; 1924-இல் பிறந்தார். வளர்ந்தது ஜாக்சனின் செயின்ட் ஜார்ஜுக்குப் பக்கத்தில், நிண்டிகல்லி என்ற சிற்றூரில். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு மரப்பட்டை உரிக்கும் வேலைக்கும் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் வேலைக்கும் போனவர். 1942-இல் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, படித்து, 1944-இல் விமானி ஆனார். 78-ஆம் ஸ்குவாட்ரனில் கிட்டிஹாக் ஓட்டி 95 முறை பறந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட விமானத்தில் 'பிளாக் மேஜிக்' என்ற பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஒருமுறை எதிரியின் பீரங்கிக் குண்டு ஒன்று விமானத்தில் பாய்ந்து, வெடிக்காமல் அவர் முதுகுக்குப் பின்னால் தங்கிவிட்டது. அதோடு இரண்டு மணி நேரம் பறந்து பத்திரமாக இறக்கினார்.

போர் முடிந்து வந்ததும், உள்நாட்டு ஊர்களுக்குச் சிறு விமானச் சேவை தொடங்க அனுமதி கேட்டு அரசுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். பதில் வரவில்லை. மறுபடி கத்தரிக்கோலை எடுத்தார். 1993-இல் இறக்கும்வரை விமானம் ஓட்டவே இல்லை. நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவனை அந்த நாடு இப்படி நடத்தியது பெரும் அநியாயம்.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

போர்ட் மோர்ஸ்பியில் இறங்கும் ஒவ்வொரு பயணியும் ஜாக்சனின் பெயரில்தான் இறங்குகிறார். அந்தச் செவன் மைல் ஓடுதளம்தான் இன்றைய ஜாக்சன்ஸ் பன்னாட்டு விமான நிலையம். நகருக்கு வெளியே போமனா போர்க் கல்லறை இருக்கிறது. கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் மில்ன் பேயில் பறந்த 75-ஆம் ஸ்குவாட்ரனின் உண்மையான கிட்டிஹாக் ஒன்றை வைத்திருக்கிறார்கள்; மூக்குப் பக்கம் 'பாலி' என்று எழுதியிருக்கும். ஸ்குவாட்ரனும் கலைக்கப்படவில்லை. வட ஆஸ்திரேலியாவின் டிண்டல் தளத்தில் இன்றும் இயங்குகிறது, இப்போது எஃப்-35 ஓட்டுகிறார்கள்.